ஐம்பது நிமிடத் தூரம்

மலையடிவாரத்துத் தாப்பா இங்கிருந்து எத்தனை மைல் என்று புதிதாக வந்தவர்கள் யாராவது கேட்டால் சின்னக்கருப்பனுக்குப் பிடிக்காது. "மைலக் கேட்டு என்ன செய்யப்போற? சரக்கு ஏத்துன லோரியா, வெறும் லோரியா? மழையா, வெயிலா? அத மொதல்ல சொல்லு லா" என்பார். சரக்கோடு இறங்கினால் இரண்டு மணி நேரம். வெறும் வண்டியாக ஏறினால் ஒன்றே முக்கால். மண் சரிந்து கிடந்தால் சாமி விட்ட வழி. ரிங்லெட் இருபது நிமிடம், பிரிஞ்சாங் ஐம்பது நிமிடம், கோலா தெர்லா ஒன்றே கால் மணி. அவருக்கு ஊர்கள் எல்லாம் இப்படித்தான் அமைந்திருந்தன. அந்த மலை ரோட்டில் வளர்ந்த யாரும் வேறு மாதிரி கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் லோரி டிரைவர். நாலு வயதில் பெற்றோரோடு நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். பதினாலு வயதில் ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி தூக்க ஆரம்பித்தார். அந்தச் சுமையால் இடது தோள் எப்போதும் ஒரு விரல்கடை இறங்கியே இருக்கும். இருபத்தைந்து வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அதற்குப் பிறகு அதை விடவில்லை. ஏற்றத்தில் வண்டி முனகினால் "ஏறு தாயி, கொஞ்சந்தான், மேல போயி தண்ணி குடிக்கலாம்" என்று அதனிடம் பேசுவார். அவருடைய மனைவி பவளம் கொழுந்து எடுப்பவள். மூன்று குழந்தைகள் பிறந்து, தங்கியது அம்சவல்லி ஒருத்திதான்.

நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிராணி, அதாவது குமாஸ்தா. பெயர் அருள்சாமி. பாளையங்கோட்டையில் தமிழும் இங்கிலீசும் படித்துவிட்டு மாமா ஒருவர் மூலமாகக் கப்பலேறி வந்தவன். கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. வேலை பர்மிட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்களுக்கு வரும் கடிதங்களையும் அரசாங்கக் காகிதங்களையும் படித்துச் சொல்வது என் வேலையாகிவிட்டிருந்தது. இங்கிலீசில் அச்சடித்த எதையும் நான் படித்துச் சொன்னால் அவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

1974ஆம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னக்கருப்பனும் பவளமும் ரிங்லெட்டில் தையல் கடை வைத்திருந்த நாகரத்தினமும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நாகரத்தினம் அம்சவல்லிக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்திருந்தார். அவருடைய அக்காள் மகன், ராதாகிருஷ்ணன். கோத்தா பாருவில் இருந்தான்.

"பையன் கவர்மெண்டு வேல. ரோடு போடுற எஞ்சின் ஓட்டுறான். பென்சன் இருக்கு, கோர்ட்டர்ஸ் இருக்கு, குடி கெடையாது. பீடி சிகரெட்டு கெடையாது, குடி கெடையாது…"

"ரெண்டு வாட்டி சொல்லிட்ட லா. மூணாவது வாட்டி சொன்னா சந்தேகம் வந்துரும்" என்றார் சின்னக்கருப்பன்.

பவளம் சிரிக்கவில்லை. "கோத்தா பாருன்னா அது சயாம்காரன் எல்லையில இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள. அவளுக்கு ஒண்ணுன்னா ஒரு பொழுதுல நான் போயி நிக்கணும். அந்தத் தூரத்துக்கு மேல குடுக்க மாட்டேன், ஆமா."

"ஒரு பொழுது எதுக்கு அண்ணி? ஒரு மணி நேரம்கூட ஆகாது. பினாங்குலேருந்து ஏரோப்பிளேன் போகுது. வேணும்னா கிராணி ஐயாவையே கேளுங்க."

அதற்காகத்தான் வந்திருந்தார்கள். தோட்டத்து மானேஜர் துரை பார்த்துவிட்டு வீசிய விமான நேர அட்டவணை ஒன்று என்னிடம் இருந்தது. பழைய காகிதங்களைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். எடுத்து விரித்தேன். பினாங்கு, பாயான் லெப்பாஸ் விமான நிலையம், புறப்பாடு ஒன்பது நாற்பது. கோத்தா பாரு, பெங்காலான் செப்பா, வந்து சேர்வது பத்து முப்பது.

"ஐம்பது நிமிஷம்" என்றேன்.

"சொன்னேனா?" என்றார் நாகரத்தினம்.

என் பள்ளிக்கூட அட்லசைத் திறந்து அடிக்கோல் வைத்து அளந்தும் பார்த்தேன். "நேர்கோட்டில் ஏறக்குறைய நூற்றைம்பது மைல் இருக்கும்" என்றேன். அந்த எண் யார் காதிலும் விழவில்லை. சின்னக்கருப்பன் ஐம்பது நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி யோசித்தார்.

"ஐயா, பிளேன் எவ்வளவு ஒசரம் போகும்?"

"பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் அடி போகும் அண்ணே."

"அப்ப நம்ம மலையப் போல ரெண்டு மடங்கு. ஏறவே இருபது நிமிஷம் புடிக்கும். எறங்குறப்ப பிரேக்க புடிச்சுப் புடிச்சு எறங்கணும், அது ஒரு இருபது. நடுவுல பத்து நிமிஷந்தானே ஓட்டம்?" அவர் பவளத்தின் பக்கம் திரும்பினார். "ஏய், பத்து நிமிஷம் பிள்ள! பினாங்குலேருந்து ஒரு மூணு நாலு கட்டைதான் இருக்கும். நடுவுல மலை இருக்கிறதாலதான் பிளேனு விடுறான்."

மைலைத்தான் கட்டை என்பார்கள். மலையில் லோரி ஓட்டுகிறவனுக்கு ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் தூரத்தில் சேராது. தாப்பாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஏறி வந்தாலும் கீழே விட்டுவந்த ஊர் காலடியில் தெரியும். அந்தக் கணக்கை அவர் ஆகாயத்துக்குப் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படி இல்ல அண்ணே, பிளேன் ஏறிக்கிட்டே முன்னாலயும் ஓடும்" என்றேன்.

"லோரியும் ஏறுறப்ப முன்னாலதானே ஓடுது ஐயா? பின்னாலயா ஓடுது?" என்றார். நாகரத்தினம் தொடையைத் தட்டிச் சிரித்தார். பவளத்தின் முகத்தில் இருந்த இறுக்கம் மெல்ல விட்டது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் அட்லசை மூடினேன். தரை வழியாகப் போகவேண்டுமென்றால் நடுமலையைத் தாண்ட ரோடு கிடையாது என்பதும், கோலாலம்பூருக்கு இறங்கித் தெற்கே சுற்றித்தான் போகவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் நாம் ஏன் குறுக்கே விழவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளை உண்மையாகவே குடிக்காதவன். கல்யாணம் முடிந்த நாலாம் நாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சின்னக்கருப்பன் தானே லோரியின் முன்சீட்டில் உட்காரவைத்துத் தாப்பாவில் கொண்டுபோய் விட்டார்.

மூன்று வாரம் கழித்து அம்சவல்லியின் முதல் கடிதம் வந்தது. ஆறாம் வகுப்புவரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். லயத்துக்குக் கொண்டுபோகுமுன் ஆபீசில் உறையைப் பிரித்தபோது உள்ளே தனியாக மடித்த ஒரு சிறு தாள் விழுந்தது. 'ஐயாவுக்கு மட்டும்' என்று மேலே எழுதியிருந்தாள்.

'ஐயா, டிக்கெட் கிடைக்காததால் ரயிலில் வந்தோம். கெமாஸில் வண்டி மாறி, மொத்தம் இரண்டரை நாள் ஆனது. காட்டுக்குள்ளேயே ஒரு பகலும் ஒரு இரவும் போனோம். நான் அழுதுவிட்டேன். இதை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லவேண்டாம். பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.'

அந்தத் தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்றதைப் படித்துக் காட்டினேன். வீட்டில் தண்ணீர்க் குழாய் உள்ளேயே இருக்கிறது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா நல்லவள், இங்கே வெயில் அதிகம் என்றெல்லாம் எழுதியிருந்தாள். பவளம் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

1976 தீபாவளிக்கு அவள் விமானத்தில் வந்தாள். தாப்பா பஸ் நிலையத்தில் அப்பாவைப் பார்த்ததும், "காலையில அங்க கஞ்சி குடிச்சேன்பா, ராவுக்கு இங்க சோறு" என்று சொன்னாளாம். அதை அவர் ஒரு வாரம் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆபீசுக்கு வந்து, "பாத்தீங்களா ஐயா என் கணக்க?" என்றார்.

அவர் ஒருமுறைகூட மகள் வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்ததுதான் காரணம். "அம்பது நிமிஷந்தானே, எப்ப வேணும்னாலும் போலாம்" என்பார். பவளம் நச்சரித்தால், "பொங்கலுக்குப் போலாம்" என்பார். பொங்கல் வந்தால் லோரிக்கு எஞ்சின் வேலை வரும். கோலா தெர்லாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் நாட்களில் மட்டும் வண்டியை ஓரங்கட்டி வடக்கே தெரியும் மலைகளைப் பார்ப்பாராம். "அந்த மலைக்கு அந்தாண்டைதான் என் மக இருக்கா" என்று கூட வந்தவர்களிடம் சொல்வாராம். அது பொய்யும் இல்லை. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கோத்தா பாரு இருக்கிற கிளந்தான்தான். நடுவில் ரோடு இல்லை, அவ்வளவுதான்.

1978 டிசம்பர். அம்சவல்லிக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. பவளம் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் வறுத்து இடித்துப் பிரசவ மருந்து தயாராக வைத்திருந்தாள். மகளுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மாதம் கூட இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். அதற்குள் கொழுந்து மேட்டில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீசுக்குத் தந்தி வந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்சவல்லி ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உடனே வரவும். மேசையில் கையூன்றிக்கொண்டு அதைத் தமிழில் சொன்னேன். சின்னக்கருப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அம்பது நிமிஷந்தானே ஐயா" என்றார்.

துரை எனக்கும் லீவு கொடுத்து அவரோடு அனுப்பினார். லயத்திலிருந்து கிளம்பும்போது பவளம் மருந்துப்பொடி அடைத்த பால் டின்னை அவர் கையில் திணித்தாள். "ஏன் நிக்கிறீங்க, போங்க, போங்க" என்று விரட்டினாள். நாங்கள் வண்டியில் ஏறும்வரை அவள் அழவில்லை.

தாப்பாவில் பஸ், ஈப்போவில் பஸ், பட்டர்வொர்த்தில் ஃபெரி. பினாங்கில் எனக்குத் தெரிந்த மாதாகோயில் குடும்பம் ஒன்றில் படுத்து எழுந்து, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே பாயான் லெப்பாஸில் இருந்தோம். அங்கே வெயில் அடித்தது. பிளேன் கண்ணெதிரே நின்றது. இரண்டு காத்தாடி வைத்த பிளேன். சின்னக்கருப்பன் அதைக் கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டயரு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஒன்பது நாற்பது ஆனது. பத்து ஆனது. பன்னிரண்டு மணிக்குக் கவுண்டரில் இருந்த பெண் எல்லோரையும் கூப்பிட்டு, கோத்தா பாருவில் பெருமழை, இறங்க முடியாது, இன்றைக்கு ரத்து, நாளைக் காலை பார்க்கலாம் என்றாள். அங்கே டிசம்பரில் இப்படித்தான். கடல் காற்று மாறி ஆறுகள் ஊருக்குள் வந்துவிடும். டெலிபோன் போட்டுப் பார்த்தோம். லைன் செத்துப்போயிருந்தது.

கூட்டத்தில் லிம் என்று ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, இருந்தார். கோத்தா பாருவில் கருவாட்டு வியாபாரம் செய்பவர். டாக்சி பிடித்துக் கோலாலம்பூர் போய், அங்கிருந்து குவாந்தான் வழியாகக் கடற்கரை ரோட்டில் ஏறப்போவதாகச் சொன்னார். மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள், இரண்டு இடம் இருக்கிறது என்று மலாயில் எங்களையும் அழைத்தார். சின்னக்கருப்பனைப் பார்த்து, "மாரி லா, அபாங்" என்று கையை ஆட்டினார். 'வாங்க அண்ணே' என்று அர்த்தம்.

"எவ்வளவு நேரமாவும்?" என்று சின்னக்கருப்பன் கேட்டார்.

இரண்டு நாள், ரோடு உடைந்திருந்தால் அதற்கும் மேல் என்றார் தவுக்கே.

சின்னக்கருப்பன் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கவுண்டரில் கேட்டேன். நாளைக் காலை வானம் தெளிந்துவிடும் என்று அறிக்கை வந்திருக்கிறது என்றாள் அந்தப் பெண். காகிதத்தையும் காட்டினாள். இங்கிலீசில் அச்சடித்த காகிதம். படித்தேன். ரோட்டில் போனால் வியாழக்கிழமை. காத்திருந்தால் நாளை காலை பத்தரை மணி. யார் கணக்குப் போட்டாலும் இதுதான் வரும்.

"காத்திருப்போம் அண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் தவுக்கே டாக்சியில் ஏறப்போகும்போது சின்னக்கருப்பன் பின்னால் ஓடி அந்தப் பால் டின்னை நீட்டினார். மலையில் மண்சரிவுக் காலத்தில் லோரிக்காரர்கள் ஒரே சரக்கை இரண்டு லோரியில் பிரித்துத்தான் ஏற்றுவார்கள். ஒன்று மாட்டிக்கொண்டாலும் ஒன்று போய்ச் சேரும். அந்த வழக்கத்தில் செய்தார். என்னை ஒரு சீட்டில் ஆஸ்பத்திரி பெயரையும் அம்சவல்லியின் பெயரையும் எழுதச் சொல்லி டின்னில் ஒட்டவைத்தார். "சரக்கு ரெண்டு வண்டியில போகட்டும் ஐயா. நாம மொதல்ல போயிட்டா சிரிச்சுக்கலாம்" என்றார். தவுக்கே டின்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை பிளேன் கிளம்பியது. சின்னக்கருப்பன் ஜன்னல் ஓரம். கடலைத் தாண்டியது, வயல்களைத் தாண்டியது, பிறகு காடு வந்தது. ஏற்றம் முடிந்து பிளேன் மட்டமாக ஓடத் தொடங்கியதும் அவர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

"கீழ என்ன ஊரு ஐயா?"

"ஊர் இல்ல அண்ணே. காடு."

சற்றுக் கழித்து, "இப்ப?" என்றார்.

"காடுதான்."

பத்து நிமிடம் கழிந்தது. இன்னும் பத்து நிமிடம் கழிந்தது. மேகம் விலகும் இடங்களில் மடிப்பு மடிப்பாக மலையும், கோடு போட்டதுபோல ஓர் ஆறும். வீடு இல்லை, ரோடு இல்லை. பிளேன் இரைந்துகொண்டு போய்க்கொண்டே இருந்தது. அவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். அந்த நிமிடத்தில்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது என்று எனக்குத் தெரியும். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

கோத்தா பாருவுக்கு மேலே வந்தோம். மேகம் சுவர்போல நின்றது. பிளேன் வட்டம் போட்டது. ஒரு தடவை மேகத்துக்குள் இறங்கியபோது பழுப்புத் தண்ணீரும் அதில் நீட்டிக்கொண்டிருந்த தென்னை மட்டைகளும் ஒரு கணம் தெரிந்தன. உடனே மேலே தூக்கிவிட்டார்கள். இன்னொரு வட்டம். மூன்றாவது வட்டம். பிறகு ஒலிபெருக்கியில் இங்கிலீசில் சொன்னார்கள்.

"என்ன சொல்றான்?"

"எறங்க முடியலயாம். பினாங்குக்கே திரும்புதாம்."

"இங்கதானே ஐயா இருக்கா? இந்தக் கீழதானே?" அவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். அது கழலவில்லை. "நிறுத்தச் சொல்லுங்க ஐயா. எங்கயாச்சும் ஓரமா நிறுத்தச் சொல்லுங்க."

பக்கத்து வரிசையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பாயான் லெப்பாஸில் அதே கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். வியாழக்கிழமை பிளேன் கிளம்பவே இல்லை. அன்று முழுக்க சின்னக்கருப்பன் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். நான் வாங்கி வந்த சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே புளித்தது. "டாக்சியில போயிருந்தா இன்னேரம் எங்க இருப்போம்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். "தெரியல அண்ணே" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை எந்தத் தடங்கலும் இல்லாமல் பிளேன் போய்ப் பத்து முப்பதுக்கு இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஒரு இராணுவ லோரியில் ஏற்றிக்கொண்டார்கள். பிரசவ வார்டில் நர்ஸ் ஏட்டைப் புரட்டிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு ஏட்டை மூடிவிட்டு, வெளியே பெஞ்சில் இருக்கச் சொன்னாள். நான் அவருக்கு முன்னால் புரிந்துகொண்டேன்.

ராதாகிருஷ்ணன் வந்தான். வேட்டி இடுப்புவரை சேறாக இருந்தது. மாமனாரைப் பார்த்ததும் காலில் விழுந்துவிட்டான்.

"மாமா… நேத்து சாயங்காலம் போயிட்டா மாமா. ரத்தம் நிக்கல. ஏத்துறதுக்கு ரத்தம் இல்ல. தண்ணி ஏறிக்கிட்டே வருது, மேட்டுச் சுடுகாட்டுக் குழில கூட ஊத்து அடிக்குது, இன்னைக்கு விட்டா முடியாதுன்னுட்டாங்க. காலையில எட்டு மணிக்குப் பொதைச்சிட்டோம்… நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல மாமா. போன் இல்ல, ஒண்ணும் இல்ல."

சின்னக்கருப்பன் அவனைத் தூக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "எட்டு மணிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்து மூணு மணி வரைக்கும் நெனவு இருந்திச்சு. பன்னெண்டு மணிக்கு ஒரு சீனத் தவுக்கே இடுப்பளவு தண்ணில நடந்து வந்து ஒரு டின்ன குடுத்தாரு. அத்தை குடுத்தனுப்பினதுன்னு அவளே கண்டுபிடிச்சிட்டா. தெறக்கச் சொல்லி மோந்து பாத்தா. அப்பா எங்கன்னு கேட்டா. பிளேன்ல வர்றாருன்னு தவுக்கே சொன்னாரு. அப்படின்னா இப்ப வந்துருவாருன்னு சொன்னா. அதுக்கப்புறம் யாரு செருப்புச் சத்தம் கேட்டாலும் கதவையே பாத்துக்கிட்டிருந்தா மாமா."

சின்னக்கருப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். வார்டிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். அதன் உள்ளங்காலை விரலால் தொட்டார். "ஆத்தா மாதிரி நீளக் காலு" என்றார். பிறகு அவர் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

தண்ணீர் வடிந்தபின் சனிக்கிழமை மேட்டுக்குப் போய்ப் பார்த்தோம். ஈரமண்ணில் நட்ட ஒரு பலகையும், வாடிய செவ்வந்தி மாலையும். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தார். குழந்தையை ராதாகிருஷ்ணனின் தாயாரே வளர்ப்பது என்று பேசி முடித்தார்கள். அதற்கும் அவர் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிளேனுக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் இருந்தது. அன்றைக்கு வானம் நீலமாக இருந்தது. புதன்கிழமை என் பர்மிட் விஷயமாக நான் ஆபீசில் இருந்தே ஆகவேண்டும். வாசலில் அவர் கையில் பை இல்லாமல் நிற்பதைப் பார்த்தேன்.

"நீங்க போங்க ஐயா. நான் கீழயே வர்றேன்."

"ரயில் ஓடல அண்ணே. தண்டவாளத்துல இன்னும் தண்ணி நிக்குதாம்."

"இப்பவே கெளம்பி, ஓடுற எடம் வரைக்கும் நடக்கிறேன். ஓடுற வரைக்கும் ஓடட்டும், அப்புறம் பஸ்ஸு, லோரி, எது கெடைக்குதோ அது. எம்மாந்தூரத்துல என் புள்ளயக் குடுத்துட்டேன்னு பாத்துக்கிட்டே வர்றேன்."

அவள் எழுதிய அந்தச் சிறு தாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன். சொன்னால் யாருக்கு ஆறுதல்? எனக்குத்தான். மூடிக்கொண்டேன்.

"நான் தப்பு செஞ்சிட்டேன் அண்ணே. அன்னைக்குத் தவுக்கேகூட…"

"நீங்க என்ன செய்வீங்க ஐயா? காகிதத்துல இருந்தத படிச்சீங்க." அவர் என் பெட்டியைத் தூக்கி டாக்சியில் வைத்தார். "பவளத்துக்கிட்ட நான் வர நாளாவும்னு சொல்லுங்க."

பிளேனில் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். பாதிதான் குடித்தேன். அதற்குள் பெல்ட்டைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மாலை லயத்துக்குப் போனேன். தண்ணீர் வடிந்தபின் நாங்கள் அடித்த தந்தி பவளத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மாவுக்கட்டுக் காலை நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். அழுது முடித்த முகங்கள். என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"அவரு எங்க ஐயா?"

"வர்றாரும்மா. தரை வழியா வர்றாரு."

"என்னைக்குக் கெளம்புனாரு?"

"நேத்து."

"நேத்து கெளம்புனவரு இன்னும் வரலயா?"

"இன்னும் மூணு நாள், நாலு நாள் ஆகும்மா."

அவள் என்னையே பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். பவளம் அதை வாங்கவில்லை.

"நாலு நாளா?" என்றாள். "அவ்வளவு தூரமா ஐயா இருந்தா எம்மவ?"